சின்ன நெடுங்கையின் அம்மா

டிப்போவில் அவளை எல்லோரும் ‘ஹாரன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நகரப் பேருந்து ஓட்டுகிறவள். ஒருநாள் வண்டியில் ஹாரன் வேலை செய்யவில்லை. சன்னல் வழியே தலையை நீட்டி, வெறும் குரலாலேயே கடைத்தெரு முழுவதும் வழி வாங்கிக்கொண்டு போனாள். அன்று விழுந்த பெயர். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றுமில்லை, அவளுடைய சொந்தத் தொண்டைக்குக் கிடைத்த பெயர்தானே. அவளுக்கு ஆகாத சொல் வேறு ஒன்று உண்டு. ‘மாதிரி.’ இன்னார் மாதிரி, அன்னார் மாதிரி என்று யாராவது ஆரம்பித்தால் போதும், கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும்.

வராமல் என்ன செய்யும்? பிறந்ததிலிருந்து அவள் கேட்டதெல்லாம் அதுதான். அவளுக்கு முன்னால் ஒரு அக்கா பிறந்து தொலைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் நாளே டீச்சர் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, “உங்க அக்கா மாதிரி இல்லையேம்மா” என்றாள். பெண் பார்க்க வந்தவர்கள் அக்காவின் கல்யாணப் படத்தைச் சுவரில் பார்த்துவிட்டு, “பெரியவ மாதிரி அடக்கமா இருப்பாளா?” என்று கேட்டார்கள். அவள் உள்ளேயிருந்து, “இருக்க மாட்டேன்” என்று குரல் கொடுத்தாள். அப்படியும் ஒருத்தர் கட்டிக்கொண்டார். அச்சகத்தில் வேலை, வாய் திறந்தால் “விடும்மா” என்பதைத் தவிர வேறு பேசாத மனுஷன். அவளுக்கு அவர்தான் சரி.

ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகாவது விட்டதா சனியன்? இல்லை. முதல் வாரமே டிப்போ மேலாளர் முதுகில் தட்டாத குறையாகச் சொன்னார்: “பரவாயில்லையே, ஆம்பள மாதிரி ஓட்டுறியே!” பாராட்டாம். அவள் சும்மா விடுவாளா? “ஆம்பள மாதிரி ஓட்டியிருந்தா இந்நேரம் ரெண்டு விளக்குக் கம்பத்த இடிச்சிருப்பேன் சார்” என்றாள். அந்த மாதம்தான் இரண்டு கம்பங்கள் இடிபட்டிருந்தன. இடித்த இருவரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள். முகத்தில் ஈயாடவில்லை.

இப்பேர்ப்பட்டவளுக்கு ஒரே மகள். பதினாலு வயதில் அப்பாவின் தலையைத் தாண்டி வளர்ந்துவிட்ட பெண். பள்ளி விட்டதும் டிப்போவுக்கு வந்து, அம்மாவின் ஷிப்டு முடியும்வரை காத்திருப்பாள். பணிமனையின் பின்சுவரில் மெக்கானிக்குகள் ஒரு இரும்பு வளையத்தை வெல்டிங் வைத்துப் பொருத்தியிருந்தார்கள். வலை கிடையாது. தரையெல்லாம் எண்ணெய்க் கறை. அங்கேதான் கண்டக்டர்களோடும் மெக்கானிக்குகளோடும் சேர்ந்து அவள் கூடைப்பந்து ஆடப் பழகினாள்.

அவளுக்குப் பந்தை வளையத்தில் போடுவதில் பெரிய ஆசை இல்லை. கொடுப்பதில்தான் ஆசை. யார் எந்தப் பக்கம் ஓடப் போகிறான் என்று அவனுக்கே தெரியும் முன்பு அவளுக்குத் தெரிந்துவிடும். அவன் போய்ச் சேரும் இடத்தில் பந்து காத்திருக்கும். தொப்பை வைத்த கண்டக்டர்கூட அவள் பக்கத்தில் ஆடினால் நாலு கூடை போட்டுவிட்டு, தான் ஏதோ பெரிய வீரன் என்று மீசையைத் தடவுவார். அது யாருடைய வேலை என்று அவருக்கும் தெரியாது. அந்தப் பெண்ணும் சொல்லிக்கொள்ள மாட்டாள்.

ஒருநாள் நகரப் பயிற்சி மையத்தின் பயிற்சியாளர் பேருந்தில் பையை விட்டுவிட்டு, அதை வாங்க டிப்போவுக்கு வந்தார். பின்பக்கம் எட்டிப் பார்த்தார். அந்தப் பெண் வளையத்துக்கு அடியில், சுவரில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஆடவில்லை, கவனியுங்கள். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் உயரத்தைப் பார்த்தார், கையின் நீளத்தைப் பார்த்தார், “அடேயப்பா! சின்ன நெடுங்கை!” என்றார்.

நெடுங்கை யாரென்று கேட்காதீர்கள். தேசிய அணியில் வளையத்துக்கு அடியில் நின்று, வருகிற பந்தையெல்லாம் எல்லோர் தலைக்கும் மேலே எட்டிப் பிடித்து உள்ளே தள்ளுகிறவள். சோப்பு விளம்பரத்திலிருந்து சுவர்ப் படம் வரை அவள் முகம்தான். பயிற்சி மையத்தில் இப்படி ஒரு வழக்கம். எந்தப் பிள்ளையையும் அதன் சொந்தப் பெயரைச் சொல்லி எடைபோட மாட்டார்கள். சேரும் அன்றே ஒரு பெரிய ஆட்டக்காரியின் பட்டப்பெயருக்கு முன்னால் ‘சின்ன’ போட்டு நெற்றியில் ஒட்டிவிடுவார்கள். தேர்வுக் குழு கேட்கும் முதல் கேள்வியும் அதுதான்: “யார் மாதிரி?” பதில் இருந்தால் பிள்ளையைப் பற்றிப் பேசுவார்கள். இல்லாவிட்டால், “இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்” என்று அடுத்தவளைக் கூப்பிடுவார்கள்.

‘மாதிரி’ என்ற சொல்லைக் கேட்டாலே எரிந்து விழும் ஹாரன் அன்று என்ன செய்தாள் தெரியுமா? உச்சி குளிர்ந்து போனாள். உள்ளதைச் சொல்ல வேண்டும். அதுவரை அந்தச் சொல் அவளைத் தட்டி உட்கார வைக்கத்தான் வந்திருக்கிறது, முதல் தடவையாகத் தூக்கி நிறுத்த வந்தது. “என் பொண்ணு சின்ன நெடுங்கையாம்ல!” என்று நிறுத்தத்துக்கு நிறுத்தம் சொல்லிக்கொண்டே வண்டி ஓட்டினாள். வீட்டுக்காரர் மட்டும், “ஏம்மா, அவ அப்படியா ஆடுறா?” என்று கேட்டார். “உங்களுக்கு என்ன தெரியும்?” என்று அவர் வாயை அடைத்துவிட்டாள்.

மூன்று வருஷம். அந்தப் பெண்ணை வளையத்துக்கு அடியில் கொண்டுபோய் நட்டார்கள். கையைத் தூக்கு, முதுகைக் காட்டு, முழங்கையால் இடம் பிடி. நெடுங்கையின் ஆட்டத்தைத் திரையில் ஓட்டிக் காட்டி, அவள் திரும்புகிறபடி திரும்பச் சொன்னார்கள். நெடுங்கையின் சட்டை எண்ணையே இவளுக்கும் கொடுத்தார்கள். பழக்க தோஷத்தில் எப்போதாவது பந்தை வெளியே வாங்கி, ஓடி வருகிறவளுக்கு அழகாக ஒன்று கொடுத்துவிட்டால் விசில் பறக்கும். “நெடுங்கை இதச் செய்வாங்களா? போய் உக்காரு!” பெஞ்சில் போய் உட்காருவாள். எந்தத் தப்புக்கு? கூட ஆடுகிறவளுக்குக் கூடை வாங்கிக் கொடுத்த தப்புக்கு! அடப்பாவிகளா!

வீட்டில் அவள் அதிகம் பேசுவதில்லை. ஒருநாள் வீங்கிய முழங்கையில் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: “நான் நல்லா ஆடுறேனா இல்லையான்னு ஒருத்தரும் சொல்லலம்மா. நெடுங்கைய விட எவ்வளவு குறைச்சல்னுதான் சொல்றாங்க.”

ஹாரனுக்குச் சுருக்கென்றது. அக்காவின் கையெழுத்து, அக்காவின் அடக்கம், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. தான் பட்டது போதாதென்று பெற்ற பிள்ளையையும் அந்தச் செக்கிலேயே கட்டிவிட்டோமே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. “விட்டுடு, வேணாம், நாளையிலேர்ந்து போகாத” என்று குதித்தாள். மகள் தலையை ஆட்டினாள். “ஆடணும்மா. எனக்கு ஆடணும். இந்த வருஷம் இளையோர் அணிக்கு எடுக்குறாங்க. இதோட என் வயசு முடிஞ்சிடும். அதுக்குப் போனாத்தான் மேல ஆட முடியும்.”

தேர்வு நாளன்று ஹாரன் ஷிப்டை மாற்றிக்கொண்டு போனாள். மூடிய அரங்கம், மரத்தரை, ஒரு பக்கம் நீள மேசை போட்டுத் தேர்வுக் குழுவினர் நால்வர். முதல் பாதி முழுவதும் மகள் வளையத்துக்கு அடியில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அவளைவிடப் பருமனான பெண்ணொருத்தி இடித்து இடித்து ஒதுக்கினாள். அணி படுமோசமாகப் பின்தங்கியது.

கடைசிப் பகுதியில் இவர்கள் பக்கத்தில் பந்தை நடத்திக்கொண்டிருந்த பெண்ணுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. அவள் நொண்டிக்கொண்டே வெளியேற, பந்தை யாராவது கொண்டுபோக வேண்டுமே என்று இவள் கையில் எடுத்தாள். அவ்வளவுதான்! டிப்போவின் பின்சுவர்ப் பெண் திரும்பி வந்துவிட்டாள். இடது பக்கம் பார்ப்பாள், பந்து வலது பக்கம் போயிருக்கும். அதுவரை ஒரு கூடைகூடப் போடாத பிள்ளைகள் ஓடிவந்து ஓடிவந்து போட்டார்கள். தோற்க இருந்த ஆட்டத்தை வென்று முடித்தார்கள். ஹாரன் கத்திய கத்தலில் நடுவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

ஆட்டம் முடிந்ததும் பெற்றோரோடு ஒவ்வொருத்தியாக உள்ளே கூப்பிட்டார்கள். சிறிய அறை, மேல்மூச்சு வாங்கும் மின்விசிறி. மகள் ஷூப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள். பயிற்சியாளர் மூலையில். மேசைக்குப் பின்னால் குழுத் தலைவரும், அவர் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒருவரும், இன்னும் இருவரும்.

“சின்ன நெடுங்கைன்னு சொன்னாங்க” என்று தலைவர் ஆரம்பித்தார். “நெடுங்கை இந்த வயசுல எப்படி இருந்தாங்க தெரியுமா? அடியில போய் நின்னா மலை. இது ஒரே ஒரு கூடை போட்டிருக்கு. வீணா எதிர்பார்ப்பக் கிளப்பிட்டீங்க.”

“கடைசியில ஆடுனாளே, அதப் பாத்தீங்களா?” என்று ஹாரன் கேட்டாள்.

“அது நெடுங்கை ஆட்டம் இல்லையேம்மா” என்றார் கண்ணாடிக்காரர். சொல்லிவிட்டுச் சிரித்தார். “புலியப் பாத்துப் பூனை சூடு போட்டுக்கிட்ட கதையால்ல இருக்கு!”

வந்ததே கோபம்! “பூனை எங்க சார் தானாப் போட்டுக்கிச்சு? நீங்கதான் புடிச்சு வெச்சு மூணு வருஷமாப் போட்டீங்க! அது பாட்டுக்கு எங்க டிப்போவுல ஓடிக்கிட்டிருந்துச்சு. புலின்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தது யாரு? சூடு போட்டது யாரு? இப்பப் பூனைன்னு சிரிக்கிறது யாரு? ஒரே ஆளுங்கதானே?”

பயிற்சியாளர் கூரையைப் பார்த்தார். தலைவர் மட்டும் அசரவில்லை, அவர் எத்தனை அம்மாக்களைப் பார்த்திருப்பார்! பொறுமையாகவே கேட்டார்: “சரிம்மா, கோபப்படாதீங்க. நெடுங்கை மாதிரி இல்ல. அப்போ யார் மாதிரி? நீங்களே சொல்லுங்க.”

“யார் மாதிரியும் இல்ல. அவ அவதான்.”

“அப்படிச் சொன்னா மேல நாங்க என்னன்னு சொல்றது? ஒருத்தருக்கும் புரியாதேம்மா.” அவர் கதவுப் பக்கம் பார்த்தார். “அடுத்தவங்களக் கூப்பிடுங்க.”

மகள் பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தாள். அந்தச் சுற்றலைப் பார்த்த ஹாரனுக்கு ரோஷம், மானம், நாற்பத்தைந்து வருஷத்துக் கோபம் எல்லாம் ஒன்றாகப் பொங்கியது. பல்லைக் கடித்து விழுங்கினாள்.

“ஊசி” என்றாள். “ஊசி மாதிரி.”

ஊசியும் தேசிய அணிக்காரிதான். நடுவில் நின்று பந்தை நடத்துகிறவள், நாலு பேர் கைகளுக்கிடையே பந்தை நுழைத்து அனுப்புவாள் என்று அந்தப் பெயர். ஹாரன் அவள் ஆட்டத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. வண்டியில் பயணிகள் பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

அந்த அறை மாறியதைப் பார்க்க வேண்டுமே! தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஊசியா! அட, ஆமா!” கண்ணாடிக்காரர் மேசையைத் தட்டினார். “நான் அப்பவே நெனச்சேன் சார். கடைசிப் பகுதியில அந்த மணிக்கட்டப் பாத்தீங்களா? அச்சு அசல் ஊசி!” மூன்று வருஷமாக இவளைப் பெஞ்சில் உட்கார வைத்த பயிற்சியாளர், “நான்தான் சார் அந்த உயரத்துல அந்தத் திறமையக் கொண்டுவந்தேன்” என்றார், கொஞ்சமும் கூசாமல். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் குற்றமாக இருந்ததெல்லாம் குணமாகிவிட்டது. இளையோர் அணியில் இடம். “சின்ன ஊசி! வாழ்த்துகள்மா!” என்று தலைவர் எழுந்து கை குலுக்கினார்.

திரும்பி வரும்போது பேருந்தில் இருவரும் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். வேறொருவர் ஓட்டும் வண்டியில் ஹாரனின் கால் சும்மா இருக்காது, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும். இடம் கிடைத்த சந்தோஷம் ஒரு பக்கம், அதை வாங்கிய விதம் ஒரு பக்கம் அறுத்தது. மகள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அம்மா, ஊசி எந்தக் கைக்காரங்கன்னு தெரியுமா?”

“எந்தக் கையா இருந்தா என்னடி?”

“இடது கை. கூடைப்பந்து பாக்குற எல்லாருக்கும் தெரியும். அதுக்கே அவங்க பேர் போனவங்க.”

“அதுக்கு?”

“நான் வலது கை.”

ஹாரன் அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

“நாலு பேரு முழு ஆட்டத்தையும் உக்காந்து பாத்தாங்க. அந்தக் கண்ணாடி போட்டவரு மணிக்கட்டு மணிக்கட்டுன்னாரே, எந்தக் கையோட மணிக்கட்டம்மா அது?”

“வண்டிய நிறுத்துங்க!” ஹாரன் எழுந்துவிட்டாள். ஓட்டுநர் திடுக்கிட்டுத் திரும்பினார். “திரும்பிப் போறேன். பாக்காமயே சொன்னானுங்களா? ஒரு பச்சப் புள்ள மூணு வருஷமா உடம்பு தேய ஆடியிருக்கு, எந்தக் கைன்னுகூடப் பாக்கலையா? நாக்கப் புடுங்கிக்குற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்!”

“உக்காரும்மா.” மகள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். “போய்க் கேட்டா இருக்குற இடமும் போயிடும்.”

ஹாரன் உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது, அதுவும் கோபத்தில்தான்.

“இடது கையால ஆடுன்னு சொல்லுவானுங்கடி. பாத்துக்கிட்டே இரு, சொல்லுவானுங்க. சொன்னா என்ன பண்ணுவ?”

“பழகிக்குவேன்மா” என்றாள் மகள்.

அதைக் கொஞ்சங்கூடக் கோபமில்லாமல் சொன்னாள். அதைத்தான் ஹாரனால் தாங்க முடியவில்லை.