வேறு பெயரில் எடுத்த எக்ஸ்ரே

ஒரகடத்தில் எங்கள் கம்பெனிக்கு வருடத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே வண்டி வரும். ஒவ்வொரு உற்பத்தி லைனுக்கும் ஒரு நாள். எல்லோருக்கும் தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க். கழுத்தில் தொங்கும் கார்டை வைத்துத்தான் இன்னார் என்று தெரியும். அதனால் இருமுகிறவளுக்குப் பதிலாக இருமாதவள் போய் நிற்பது எங்களுக்குள் சகஜம். டிபி என்று எழுதிவிட்டால் காண்ட்ராக்ட் போய்விடுமே என்ற பயம்தான்.

மண்ணூரிலிருந்து என்னோடு கம்பெனி பஸ்ஸில் வருகிற வேறு லைன்காரிக்கு அந்த முறை இரண்டு வாரமாக இருமல். அழாத குறையாகக் கேட்டாள். எனக்கோ வாய் நீளம். "என் நெஞ்சு இரும்புடி, குடு கார்டை" என்று வாங்கி மாட்டிக்கொண்டு போய் நின்றேன்.

இரண்டு நாள் கழித்து அவளைக் கூப்பிட்டு, மார்புக்குள் ஏதோ நிழல் தெரிகிறது என்று ஃபிலிமைக் கையில் கொடுத்தார்கள். வெளியே இன்னொரு எக்ஸ்ரே எடுத்தாள். அதில் ஒன்றுமே இல்லை, வெறும் சளி. முதல் படத்தில் கோளாறு என்று கம்பெனி நர்ஸ் முடித்துவிட்டார்.

சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். "அக்கா, எனக்கு ஒண்ணும் இல்லியாம். அப்போ உன் நெஞ்சுலதான் இன்னாமோ கீது."

ஸ்ரீபெரும்புதூர் தாண்டுவதற்குள் கேன்சர்தான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மறுநாள் என் லைனுக்கு முறை.

"நாளைக்கு உனக்குப் பதிலா நான் நிக்கட்டா?"

வேலையாவது மிஞ்சும். ஆசையாகத்தான் இருந்தது. இறங்கும்போது வேண்டாம் என்றேன். காலையில் என் கார்டோடு நானே போய் நின்றேன்.

அதே நிழல். குணமாகித் திரும்பி வந்தால் லைனில் இடம் இருக்கும் என்று சூப்பர்வைசர் சொல்லி அனுப்பினார். சென்னையில் சிடி ஸ்கேன் பார்த்த சர்ஜன், மூச்சுக்குழாயை ஒட்டி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு நீர்க்கட்டி இருக்கிறது, அது தாய் வயிற்றிலேயே உண்டானது என்றார். முப்பத்தொரு வருடம் சத்தமில்லாமல் இருந்திருக்கிறது.

"சீழ் பிடிச்சா கஷ்டம்மா. இப்பவே எடுத்துடலாம். எடுத்து டெஸ்ட் பண்ணாத்தான் உறுதியா சொல்ல முடியும்."

விலாவில் மூன்று சின்னத் துளை போட்டு, ஒன்றில் கேமராவை விட்டு எடுத்தார்கள். கண் விழித்தபோது பக்கவாட்டில் குழாய் தொங்கியது, மூச்சு இழுத்தால் வலித்தது. மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து போட்ட டப்பாவைக் கொடுத்து உறிஞ்சச் சொன்னார்கள். பார்க்க வந்தவள், "ரெண்டு பந்துதான் ஏறுது. இரும்பு நெஞ்சாம்" என்றாள். சிரித்தால் இன்னும் வலித்தது.

ரிப்போர்ட் வாங்கும் நாளில் அவளும் லீவு போட்டு வந்தாள். கெட்ட கட்டி இல்லை என்று டாக்டர் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் படங்களை அடுக்கினார். அவள் பத்திரமாக வைத்திருந்து கொடுத்த முதல் ஃபிலிமைத் தூக்கிப் பிடித்தார்.

"நிழல் இதேதான். ஆனா இது யார் பேரு?"

நான் திருதிருவென்று விழித்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"பேரு என்னுது சார். நெஞ்சு அக்காவோடது."