கிணற்றுத் தண்ணீருக்கு ரெண்டு சாட்சி

தண்ணீர் மாதிரி எடுக்கிற வேலையில் தண்ணீர் எடுப்பதுதான் இருப்பதிலேயே சுலபம், பாடெல்லாம் மனுஷர்களோடுதான். தாளை நீட்டிக்கொண்டு வீடு வீடாகக் கையெழுத்துக்கு அலைந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் நான் சொல்லாமலே பாதி புரிந்துவிடும். விருதுநகரில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்காகப் பதினோரு வருஷமாக ஸ்கூட்டரில் சுற்றுகிறேன். புகார் வந்த கிணற்றிலோ ஓடையிலோ பாட்டிலில் பிடித்து, அரக்கு வைத்து, ஐஸ் பெட்டியில் போட்டுக் கொண்டுவர வேண்டும். கூடவே அந்த ஊர்க்காரர்கள் ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். புகார் கொடுத்தவர் போடக்கூடாது. கையெழுத்து இல்லையென்றால் அது வெறும் தண்ணீர். மூன்று தடவை போயும் ஆகவில்லையென்றால் ‘ஆதாரம் இல்லை’ என்று எழுதி ஃபைலை மூடிவிடுவார்கள்.

ஆமத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊருக்கு நான் அப்படி மூன்று தடவை போனேன்.

ஐஸ் பெட்டி

அந்த ஊருக்குக் குடிக்க ஒரே கிணறு. குழாய்த் தண்ணீர் நினைத்தால் வரும். திருத்தங்கலில் உள்ள ஒரு அச்சகத்திலிருந்து மை கழுவின தண்ணீரை டேங்கரில் கொண்டுவந்து கிணற்றுக்கு மேலே ஓடையில் ஊற்றுகிறார்கள், பிள்ளைகளுக்கெல்லாம் கையில் சொறி என்று புகார் கொடுத்திருந்தது ஊர் நர்ஸ் பிலோமினா. முதல் தடவை நான் போய் இறங்கியதும் என் பெட்டியைப் பார்த்துவிட்டு நாலைந்து பொம்பளைகள் பாத்திரத்தோடு வந்துவிட்டார்கள். மீன்காரி என்று நினைத்துவிட்டார்கள். பெட்டியைத் திறந்து ஐஸையும் காலி பாட்டில்களையும் காட்டினேன். தண்ணீர் கெட்டுப்போகாமல் இருக்கத்தான் ஐஸ் என்று விளக்கமும் சொன்னேன்.

கிணற்றுக்கு எதிர்வீட்டு ஞானம்மா பாத்திரத்தை இடுப்பில் வைத்தபடியே கேட்டார்: “கெட்டுப்போச்சான்னு பாக்கத்தானே வந்திருக்கீக? பெறகு அது கெட்டுப்போகாம இருக்க எதுக்கும்மா ஐஸு?”

விருந்தாளி வருகிறாள்

கிணற்றை எட்டிப் பார்த்தால் எனக்கு மூச்சு முட்டிவிட்டது. ஒரே பிளீச்சிங் பவுடர் நெடி. நான் வரப்போகிறேன் என்று பிலோமினா சந்தோஷத்தில் முதல் நாளே ஊருக்குள் சொல்லியிருக்கிறார். பொம்பளைகள் கூடி, பாசி எடுத்து, பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, பஞ்சாயத்து மூட்டையிலிருந்து பவுடரை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். கிணற்றைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு வேறு. கோலம் போடாததுதான் பாக்கி.

அந்தத் தண்ணீரை எடுத்துப்போய் என்ன பிரயோஜனம்? எரிச்சலில் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஆதாரத்தையே கழுவி விட்டுவிட்டீர்களே என்றேன். ஞானம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. சொறி பிடித்த பிள்ளைகளில் அவருடைய மகளும் ஒருத்தி என்று அப்போது எனக்குத் தெரியாது.

“வீட்டுக்கு ஆள் வராகன்னா கூட்டிப் பெருக்க மாட்டோமா? கெணத்த மட்டும் அப்படியே போட்டு வைக்கச் சொல்லுறீகளே” என்றார்.

எது குற்றம்

ரெண்டாம் தடவை யாருக்கும் சொல்லாமல் போனேன். கயிற்றை இழுத்தால் நல்ல ஊதா நிறத்தில் வந்தது தண்ணீர். அப்பாடா என்று பிடித்து, அரக்கு வைத்து, தாளை நீட்டினேன். ஒரு கை நீளவில்லை. ஒருத்தருக்குக் கண்ணாடி இல்லை. ஒருத்தருக்கு அடுப்பில் சோறு. ஒருத்தர் மகனைக் கேட்கவேண்டும் என்றார். மகன் அச்சகத்தில்தான் வேலை. அந்த அச்சக மொதலாளிக்கே ஒரு பட்டாசுக் கம்பெனியும் உண்டு. அதன் வேன் காலையில் இந்த ஊரிலிருந்துதான் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். கிணற்றைச் சுற்றி இருந்த வீடுகளில் அந்த வேனில் ஏறாதவர் இல்லை. யார்மேல் கோபப்படுவது?

மேட்டுக்காட்டு ராமசாமி மட்டும் சொந்த நிலம் உள்ளவர், யாரிடமும் கைகட்டாதவர். நம்பிப் போனேன். மோர் கொடுத்து உட்காரவைத்துப் பேசினார். தாளை ரெண்டு தடவை படித்துவிட்டுப் பத்திரமாக மடித்து என் கையிலேயே கொடுத்தார். அன்றைக்கு அந்தப் பாட்டிலைக் கொட்ட எனக்கு இடம் தெரியவில்லை. விருதுநகர் வரைக்கும் திருப்பித்தான் கொண்டுபோனேன்.

ராமசாமி சொன்னது இது: “குத்தம்னா களவாங்கணும், அடிக்கணும், வெட்டணும். மொதலாளி நம்ம ஊருல நூறு பேத்துக்கு வேல குடுத்திருக்காரு, அவரப் போயி குத்தவாளின்னு எழுதச் சொல்லுதீகளே, மனசாட்சி வேண்டாமா?”

பூசை நேரம்

மூன்றாவது தடவை, அதாவது கடைசித் தடவை, ஞாயிற்றுக்கிழமை போனேன். வேன் வராத நாள், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள் என்று கணக்கு. போனால் ஊர் பூராவும் மாதா கோயிலில், ஞாயிற்றுக்கிழமைப் பூசை நடக்கிறது. பாட்டுச் சத்தம் கேட்கிறது. தண்ணீரைப் பிடித்து அரக்கு வைத்துவிட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தேன். அந்நேரம் பார்த்து டேங்கர் வந்தது.

ஓட்டிவந்தவர் முருகேசன், அதே ஊர்க்காரர். கிணற்றுக்குத் தெற்கே மூன்றாவது வீடு. என்னைப் பார்த்து ஓடவில்லை, ஒளியவில்லை. வண்டியை நிறுத்தி, “சாப்பிட்டீகளாக்கா?” என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. நாலு பேர் பார்க்கக்கூடாது என்றுதானே பூசை நேரமாகப் பார்த்து வருகிறீர் என்று முகத்துக்கு நேரே கேட்டேன். அவர் நிஜமாகவே மனம் நொந்துபோனார்.

“அதுக்கில்லக்கா. மத்த நேரம் பொம்பளப் பிள்ளைக ஓடைப்பக்கம் நடமாடும். யாரு மேலயும் தெறிச்சிறக் கூடாதுல்ல.”

ரெண்டாவது கையெழுத்து

பூசை முடிந்து ஜனங்கள் வந்தார்கள். டேங்கரும் நிற்கிறது, நானும் நிற்கிறேன். இன்றைக்கு விட்டால் ஃபைல் மூடிவிடும், பிறகு இந்தக் கிணற்றை யாரும் வந்து பார்க்கமாட்டார்கள் என்று சொன்னேன். பிலோமினா ஞானம்மாவின் மகளைக் கூட்டிவந்து அவள் சட்டைக் கையை மடித்துக் காட்டினார். முழங்கை வரைக்கும் புண். ஞானம்மா வந்து முதல் கையெழுத்தைப் போட்டார். அதன்பிறகு எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

முருகேசன் இறங்கிவந்து இன்னும் என்ன பாக்கி என்று கேட்டார். ஒரு கையெழுத்து என்றேன். பேனாவை வாங்கினார். நான் தடுத்தேன்: இது உங்கள் தலையிலேயே விடியும், யோசித்துக்கொள்ளுங்கள் என்றேன். நிதானமாக, இனிஷியலோடு, முழுப்பெயரையும் எழுதினார்.

“ஊத்துறதும் நாந்தான், வீட்டுல அள்ளிக் குடிக்கிறதும் நாந்தான். என்னவிட நல்ல சாட்சி உங்களுக்கு எங்கனக்கா கெடைக்கும்?”

நோட்டீஸ்

பரிசோதனையில் எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. ஊற்றுவது நின்றது. கிணற்றைப் பலதடவை இறைத்தார்கள். மழையும் பெய்தது. பிள்ளைகளுக்குப் புண் ஆறிவருகிறது என்று பிலோமினா போனில் சொன்னார். மொதலாளியிடம் விசாரித்திருக்கிறார்கள். தூரமாகக் கொண்டுபோய் முறைப்படி அப்புறப்படுத்தத்தான் சொன்னேன், டிரைவர் எங்கே ஊற்றினான் என்று எனக்குத் தெரியாது என்று எழுதிக்கொடுத்துவிட்டார். வழக்கு முருகேசன் ஒருத்தர்மேல். வேலையும் போய்விட்டது.

போனவாரம் அவரை விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். இப்போது ஏழாயிரம்பண்ணைக்கு வேறொரு கம்பெனி வேன் ஓட்டுகிறாராம், வாய்தாவுக்கு வந்திருந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அந்தப் பேனாவைக் கொடுத்தது நான்தானே. அவர்தான் எனக்கு டீ சொன்னார். கோபமே இல்லை. நோட்டீஸை எடுத்து விரித்து, விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகக் காட்டினார்.

“சாட்சியிலயும் என் பேரு, குத்தவாளியிலயும் என் பேரு. ஊத்தச் சொன்னவரு பேர எழுத எந்தக் கட்டம்க்கா?”

அப்படி ஒரு கட்டம் எங்கள் தாளில் கிடையாது. சேர்த்து அடித்துத் தரச் சொல்லலாம்தான், ஆனால் எங்கள் தாள்களும் அதே திருத்தங்கல் அச்சகத்தில்தான் அச்சாகின்றன.