எண்ணூர்க் கல் பக்கம் நின்றுபோன எஞ்சின்

பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கும் தெருவில் ஒரு ஆட்டோ திக்கித் திக்கி நின்றால் என் காது அங்கே போய்விடும். கையில் இருக்கிற டீயைக் கீழே வைத்துவிடுவேன்.

மாதாவின் பிள்ளைகளாக இங்கே கூடியிருக்கிற எல்லோருக்கும் வணக்கம். என் பெயர் சகாயம். காசிமேட்டில் இருபத்தெட்டு வருடம் பைபர் போட்டில் தொழில் செய்தவன். இந்த ஜெபக் கூட்டத்தில் சாட்சி சொல்லச் சொல்லி ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். ஏதாவது சாக்கு சொல்லி நழுவிக்கொண்டே இருந்தேன். மாதா எனக்குச் செய்த நன்மையைச் சொல்ல வெட்கமில்லை. அதோடு நான் செய்த கேவலத்தையும் சொல்ல வேண்டி வருமே, அதுதான் வெட்கம். இன்று இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

அது ஆனி மாதம். என் பழைய எஞ்சின் ஓய்ந்துபோய், செகண்ட் ஹேண்டில் ஒரு டீசல் எஞ்சின் வாங்கினேன். அதைப் பிரித்துக் கழுவி, தேய்ந்த சாமான் மாற்றி, மாட்டிக் கொடுத்தவர் காதர் பாய். தண்டையார்பேட்டைக்காரர். காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற இடத்துக்குப் பின்னால் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருந்தார். எஞ்சினில் காதை வைத்தே என்ன நோவு என்று சொல்லிவிடுவார். எங்கள் கரையில் பாதிப் போட்டுகள் அவர் கை பட்டு ஓடியவைதான்.

எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. மெழுகுதிரித் திருநாளில் பங்குச் சாமியார் மந்திரித்துக் கொடுக்கிற திரியை வீட்டில் பத்திரமாக வைத்திருப்போம். புதுப் போட்டு, புது எஞ்சின் எது வந்தாலும் அந்தத் திரியைக் கொளுத்தி, சொட்டுச் சொட்டாக மெழுகு விட்டுச் சிலுவை போடுவோம். போட்டின் முன்பக்கம் அணியத்தில் ஒன்று, எஞ்சினில் ஒன்று. எனக்குத்தான் எதிலும் போதும் என்கிற குணம் கிடையாதே. டீசல் டேங்க் மூடி வட்டமாக, வழவழப்பாக, சிலுவை போடவே செய்த மாதிரி இருந்தது. அதன் மேலும் ஒன்று போட்டேன். என் மனைவி ஸ்டெல்லா, "போதும்யா, போட்டு முழுக்க மெழுகு ஊத்திடுவ போல கீது" என்று சிரித்தாள்.

முதல் நாளே எஞ்சின் நின்றது. கரையை விட்டு அரை மணி நேரம் நன்றாக ஓடும். பிறகு மூச்சு வாங்கும், இரண்டு தடவை இருமும், நின்றுவிடும். ஹேண்டில் போட்டு எவ்வளவு சுற்றினாலும் வராது. அரை மணி சும்மா விட்டால் வரும். பத்து நிமிடம் ஓடி மறுபடி நிற்கும். இப்படியே நொண்டி நொண்டிக் கரை சேர்வோம்.

பாய் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பில்டர் மாற்றினார். டேங்கைக் கழுவினார். எஞ்சினை மேடையில் ஏற்றி, ஒரு பாட்டிலில் டீசல் ஊற்றிக் கொக்கியில் தொங்கவிட்டு, அதிலிருந்து குழாய் கொடுத்து ஓட்டினார். மதியம் முழுக்க ஓடியது. ஒரு இருமல் இல்லை. கடலுக்குக் கொண்டுபோனால் அரை மணியில் அதே கதை. மறுபடி பட்டறை. பம்பைப் பிரித்தார், நாசில் மாற்றினார், டீசல் லைனில் அடைத்த காற்றை வெளியே எடுத்தார். பாட்டில் டீசலில் மறுபடி ஜம்மென்று ஓடியது. கடலில் மறுபடி நின்றது. மூன்று தடவை இப்படி.

"தண்ணி கலந்தாலும் நிக்கும். கடல்ல மூடிய தொறக்காத நைனா" என்று பாய் சொல்லியிருந்தார். அதனால் நாங்கள் கரையில் டீசல் ஊற்றும்போது தவிர மூடியைத் தொடவே மாட்டோம். நான் மட்டும் தினமும் காலையில் அதன் மேல் இன்னொரு சொட்டு மெழுகு விடுவேன். வெயிலில் சிலுவை உருகிவிடுகிறதே, அதனால்தான் மாதா பாராமுகமாக இருக்கிறாள் என்று என் கணக்கு.

மூன்றாவது தடவை நின்ற அன்று எனக்குப் புத்தி கெட்டுப்போனது. கரைக்கு வந்ததும் நேரே பட்டறைக்குப் போய், பத்துப் பேர் நிற்கிற இடத்தில் கத்தினேன்.

"பழைய சாமான போட்டு ஏமாத்திக்கினியா பாய்? சிலுவ போட்ட எஞ்சினு அது. உன் கை பட்டுதான் இப்பிடி ஆவுது!"

பாய் கையைக் கந்தல் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார். "நீ வூட்டுக்குப் போ சகாயம்" என்று மட்டும் சொன்னார்.

அதற்கு மறுநாள்தான் அது நடந்தது.

நொண்டி நொண்டியாவது போய் வரலாம் என்று நானும் ஜோசப்பும் போனோம். ஜோசப் ஸ்டெல்லாவின் ஒரே தம்பி. அவன் மனைவிக்கு அப்போது ஏழு மாதம். போட்டில் ஓயாமல் பாடிக்கொண்டே வருவான். கோயில் பாட்டும் வரும், கானாவும் வரும், இரண்டையும் ஒரே மெட்டில் பாடுவான். ராயபுரம் கோயில் மணி அடிக்கும்போது கரையை விட்டால், வெளிச்சம் வரும்போது எண்ணூர்ப் புகைக்கூண்டுகள் கண்ணுக்குத் தெரியும். எங்களுக்கு வழி காட்டுவது அவைதான். ஊரெல்லாம் அந்தப் புகையைத் திட்டும். நானும் கரையில் இருந்தால் திட்டுவேன். கடலில் இருந்து பார்த்தால் மட்டும், வீடு இருக்கிறது என்று தைரியம் வரும். அந்தக் காலைகளை இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது.

அன்று காணாங்கத்தை மீன் நன்றாகவே விழுந்தது. மதியம் திரும்பும்போது எண்ணூருக்கு நேரே எஞ்சின் நின்றது. நீரோட்டம் வடக்கே இழுத்தது. கடல் காற்று கரைப் பக்கம் தள்ளியது. இரண்டும் சேர்ந்து எங்களைத் துறைமுகத்து அலைத்தடுப்புக் கல்லை நோக்கிக் கொண்டுபோனது. நங்கூரம் போட்டேன். கப்பல் போவதற்காக ஆழம் தோண்டிய இடம், பிடிக்கவில்லை. காசிமேட்டுக்குப் போன் போட்டேன். போட்டு எடுத்துக்கொண்டு வருகிறோம், எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். எங்களுக்குப் பதினைந்து நிமிடம்கூட இல்லை.

ஜோசப் ஹேண்டிலைப் போட்டு வெறி வந்தவன் மாதிரி சுற்றினான். ஒரு தடவை எஞ்சின் எதிர்ப்பக்கமாக உதைத்து, ஹேண்டில் அவன் மணிக்கட்டில் அடித்தது. எலும்பு போய்விட்டது. கை கண் முன்னால் வீங்கியது. அந்தக் கையோடு அவன் துடுப்புப் போட முடியாது. அந்தக் கல்லில் நீந்தவும் முடியாது. அலை கல்லில் மோதித் தூக்கியடிக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்தது.

"மாமா, அக்காவாண்ட நான் சொன்னேன்னு..." என்று ஆரம்பித்தான்.

"வாய மூடுடா" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

துடுப்பை வலித்துப் பார்த்தேன். ஒற்றை ஆள் வலித்து அந்த நீரோட்டத்தில் என்ன ஆகும்? துடுப்பைப் போட்டுவிட்டு எஞ்சின் பக்கத்தில் முட்டி போட்டேன். பிடித்துக்கொள்ள எனக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை. டேங்க் மூடியில் இருந்த மெழுகுச் சிலுவை மேல் கையை வைத்தேன். 'அருள் நிறைந்த மரியே' என்று ஆரம்பித்தேன், பாதிக்கு மேல் வரவில்லை. சிறு வயதிலிருந்து சொன்ன மந்திரம், மறந்துபோனது. "தாயே, என்ன எடுத்துக்கோ. இவன மட்டும் கரைல சேத்துடு" என்று அழுதேன். கட்டைவிரலால் அந்தச் சிலுவையை எவ்வளவு அழுத்தினேன் என்று எனக்கே தெரியாது.

வெயிலில் இளகியிருந்த மெழுகு அப்படியே பெயர்ந்து வந்தது.

என் விரலுக்கு அடியில் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. சதையோடு சேர்த்து இழுத்ததை விரலில் உணர்ந்தேன். முங்கியெழுந்தவன் மூச்சு வாங்குவது மாதிரி நீளமாக இழுத்தது. ஏன் எழுந்தேன், ஏன் ஹேண்டிலைப் பிடித்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நாலாவது சுற்றில் எஞ்சின் பிடித்தது. கல்லுக்கும் எங்களுக்கும் நடுவில் அப்போது நாலு போட்டு நீளம்தான் இருந்தது. கல் மேல் இருந்த நண்டு என் கண்ணுக்குத் தெரிந்தது.

போட்டைத் திருப்பி வெளியே வந்த பிறகுதான் மூடியைக் குனிந்து பார்த்தேன். நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. உள்ளே காற்றுப் போவதற்காக வைத்தது. டீசல் குறையக் குறைய அந்த வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் டீசல் இறங்காது, எஞ்சின் நிற்கும். அந்த ஓட்டையில்தான் தினமும் நான் பக்தியாக மெழுகு ஊற்றி அடைத்திருக்கிறேன்.

"இன்னா செஞ்ச மாமா?" என்றான் ஜோசப்.

சொன்னேன். வலியோடு வலியாக அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன், அழுதேன், கடல் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டேன். காசிமேடு வரை எஞ்சின் ஒரு தடவைகூட இருமவில்லை.

கரை தெரிந்ததும் ஜோசப் மெல்லச் சொன்னான். "வுடு மாமா. தானா சரியா பூட்ச்சுன்னு சொல்லிக்கலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

எனக்கும் அந்த ஆசை வந்தது, மறைக்கவில்லை. ஆனால் உயிர்ப்பிச்சை வாங்கிக்கொண்டு வந்த வாயால் எப்படிப் பொய் சொல்வது? ஜோசப்பைக் கட்டுப் போட அனுப்பிவிட்டு, ஈர லுங்கியோடு பட்டறைக்குப் போனேன். முந்தின நாள் நின்ற ஆட்கள் பாதிப் பேர் அங்கேயே இருந்தார்கள். நல்லதாகப் போயிற்று என்று எல்லோர் முன்னாலும் பாய் காலைத் தொடக் குனிந்தேன். அவர் தோளைப் பிடித்து நிமிர்த்தினார்.

"தப்பு என்னுது பாய். மூடி ஓட்டைல மெழுகு. நாந்தான் ஊத்தினேன்."

பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்த மெழுக நான் மொத நாளே பாத்தேன் நைனா" என்றார்.

"பாத்தியா? பாத்துட்டு ஏன் பாய் சொரண்டல?"

"உன் சாமி சமாச்சாரம் அது. நான் எப்பிடி அதுல கை வெக்கறது? டேங்க கழுவும்போதுகூட மூடிய தனியா கழட்டி, நல்ல துணில சுத்தி, ஒசரமா அலமாரில வெச்சேன். அதுக்கு அடில ஓட்ட கீதுன்னு தோணவே இல்ல. நாப்பது வருசம் தொழில் பண்றவன், எனுக்குத் தோணல பாரு."

அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதேன். உன் கை பட்டுத்தான் கெட்டது என்று நான் ஊருக்கே கேட்கக் கத்தினேன். அவரோ என் சிலுவைக்கு மரியாதை கொடுத்துக் கை படாமல் வைத்திருக்கிறார். பாய் ஒரு இஞ்சி டீ சொல்லி, கிளாஸை என் கையில் வைத்து அமுக்கினார். "எழுந்து குந்துடா பேஜாரு. மச்சானுக்கு கை எப்பிடி கீது?" என்று கேட்டார்.

சகோதர சகோதரிகளே, மெழுகு பெயர்ந்ததில் புதுமை, அற்புதம் என்ன என்று நீங்கள் கேட்கலாம். என் மருமகனே கேட்டான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இத்தனை நாள் அந்த மூடியைத் தொட்டிருக்கிறேன். அன்று, அந்த நேரத்தில், அந்த இடத்தில் என் விரலை வைக்கவைத்தது என் புத்தி இல்லை. என் புத்தியின் லட்சணம்தான் உங்களுக்குத் தெரிந்துவிட்டதே.

அதன் பிறகு எத்தனையோ நல்ல வருடங்களைக் கர்த்தர் கொடுத்தார். ஜோசப்புக்குப் பெண் பிறந்தது, மரியா என்று பெயர் வைத்தான். பாய் வீட்டு நோன்புக் கஞ்சி எங்கள் வீட்டுக்கு வரும். கிறிஸ்துமஸுக்கு ஸ்டெல்லா சுடுகிற கல்கல் பலகாரத்தில் முதல் டப்பா பாய் வீட்டுக்குப் போகும். இப்போது எனக்கு முட்டி தேய்ந்துபோய் விம்கோ நகரில் மகள் வீட்டோடு இருக்கிறேன். ஜோசப் வளைகுடாவில் இருக்கிறான், போனில்தான் பாடுகிறான். பாய் இல்லை. பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. அந்தப் பக்கம் போனால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வருவேன்.

சண்டை போட வாய் வரும்போதெல்லாம் அவர் துடைத்துக்கொண்டே இருந்த அந்தக் கை ஞாபகம் வரும். வாயை மூடிக்கொள்வேன். நான் மாறினேன் என்றால் அவ்வளவுதான் மாறினேன்.

உங்களில் யாருக்காவது நடுக்கடலில் நின்றுபோன மாதிரி ஒரு கஷ்டம் இருந்தால், கேளுங்கள். மந்திரம் பாதியில் மறந்தாலும் பரவாயில்லை, கேளுங்கள். மாதா கைவிட மாட்டாள். ஒன்று மட்டும் சொல்கிறேன். கரை சேர்ந்ததும் கோயிலுக்கு ஓடாதீர்கள். முதலில் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமோ அவர் வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். மாதா காத்திருப்பாள்.