தியேட்டரில் என்னைத் தொட்ட கை

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். கண்டியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருக்கிறேன், எத்தனையோ பேர் என் கண் முன்னாலேயே போயிருக்கிறார்கள், ஒருவரும் திரும்பி வந்து தொந்தரவு செய்ததில்லை. போன வருடம் பட்டப்பகலில் நடந்த இதை நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி.

பல்லேகலவில் தையல் வேலைக்குப் போகிற ஒரு பெண்ணுக்கு வயிற்றில் கட்டி. "சின்னவளுக்கு நான் ஊட்டினாத்தான் சோறு எறங்கும் மிஸ்ஸி" என்று என்னிடம் அழுதுகொண்டேதான் மயக்க ஊசியில் கண் மூடினாள்.

கட்டியை எடுத்தாயிற்று. வயிற்றை மூடுமுன் உள்ளே வைத்த பஞ்சுத்துணிகளை எண்ணியாக வேண்டும், ஒன்று தங்கினாலும் சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்து. என்னோடு வேலை செய்த நர்ஸ் சாந்தி எடுத்து வாளியில் போட்டதை எண்ணி, "கணக்குச் சரிங்க அக்கா" என்றாள். டொக்டர் கையை நீட்டினார், தையல் ஊசியைக் கொடுக்கப் போகிறேன், பின்னாலிருந்து யாரோ என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்கள். திரும்பினால் வெறும் சுவர்.

கிருமி நீக்கிய கவுனில் நிற்கிறவரை கிருமி நீக்காத கை தொட்டால் கவுனை மாற்ற வேண்டும், மாற்றினால் மறுபடி எண்ண வேண்டும். அது எங்கள் சட்டம்.

"சேர், யாரோ தொட்டுட்டாங்க, கவுன் மாத்தணும்."

"ஆர் தொட்டது? பேயோ?" என்று யாழ்ப்பாணத்து டொக்டர் எரிந்து விழுந்தார். நான் விடவில்லை.

நான் வேறு கவுன் போடும்போதே சாந்தி வாளியைக் கவிழ்த்து ஒவ்வொன்றாக விரித்தாள். ஒரு துணி மட்டும் காய்ந்து கறுத்திருந்தது. காலையில் நடந்த வேறொரு ஆபரேஷனுடையது, வாளியின் அடியில் ஒட்டிக் கிடந்ததை எங்களுடையதென்று எண்ணியிருக்கிறோம். அப்படியானால் எங்களுடையது ஒன்று எங்கே? டொக்டர் உள்ளே கையை விட்டுத் துழாவி, குடலுக்குப் பின்னாலிருந்து அதை எடுத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, அப்படியொரு நிம்மதி.

அந்தப் பெண் சுகமாக வீட்டுக்குப் போனாள். பிறகு ஒருநாள் குண்டசாலை பஸ்ஸில் பார்த்தேன், மடியிலிருந்த சின்னவளுக்குப் பனிஸ் ஊட்டிக்கொண்டிருந்தாள். அதை நினைத்தால் இன்றும் மனசு குளிர்ந்துபோகிறது, பிடித்தது யாராக இருந்தாலும் புண்ணியமாகப் போகட்டும்.

ஆனால் ஒன்று. கவுனின் கயிறு முதுகுப்பக்கம், போட்டவரே கட்ட முடியாது. அன்று தேநீர் குடிக்கும்போது சாந்தியிடம், "அந்த அவசரத்திலயும் கயிறக் கட்டிவிட்டு முதுகுல தட்டிக் குடுத்தியே, தேங்க்ஸ்டி" என்றேன்.

"நானா? நான் வாளிகிட்டல்ல குந்தியிருந்தேன் அக்கா?"

டொக்டரும் மயக்க மருந்து டொக்டரும் நோயாளியை விட்டு நகரவில்லை. வேறு ஆளும் உள்ளே இல்லை. இப்போதெல்லாம் பின்னால் நின்று யாராவது கயிறு கட்டினால், முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது.