கொட்டாப்புளிச் சத்தம்

1934 மார்ச் 12. பினாங்குத் துறைமுகக் கரையில் ஒரு கிடங்கின் கான்கிரீட் சுவர், வார்க்கும்போதே அச்சுப் பலகையைப் பிளந்துகொண்டு சரிந்தது. அடியில் நின்ற தச்சன் பக்கிரிசாமி மாண்டான். விசாரித்தவர்களோ, ஆணி போதவில்லை, பிழை தச்சனுடையது என்று முடித்தார்கள். அது அநியாயம். அவன் அண்ணன் சின்னையா கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் இவை, கட்டுக்கதை அன்று.

வார்ப்புக்கு முன் பூசை போடுவது வேலையாட்களின் வழக்கம். பக்கிரிசாமியின் மனைவி குணவதி அன்று ஒரு குடம் பானகம் கரைத்து வந்தாள். எல்லாரும் குடித்த பின்னும் பாதிக் குடம் மிஞ்சியது.

"சாமிக்குப் படைச்சதைக் கீழ ஊத்தக் கூடாது மாமா" என்று சின்னையாவிடம் சொல்லிவிட்டு, கலவைத் தண்ணீர்ப் பீப்பாயில் அவளே கவிழ்த்தாள்.

"ஊத்து புள்ள. சொவருக்கும் தாகம் எடுக்கும் லா" என்று பக்கிரிசாமி சிரித்தான். "இனிமே எறும்புதான் காவல்."

பக்கிரிசாமியின் காரியம் முடிந்தது. அதே இடத்தில் புதுச் சுவர் எழுந்தது. இம்முறை பூசையும் இல்லை, பானகமும் இல்லை. அது நன்றாக இறுகிய பிறகு, ஒரு நாள் அந்தி நேரத்தில், குணவதி அங்கே அகல் வைக்க வந்தாள். சின்னையா துணைக்கு நின்றான்.

டொக்...

கலவை ஏற ஏறப் பலகையைக் கொட்டாப்புளியால், அந்த மரச் சுத்தியலால், தட்டிப் பார்ப்பது பக்கிரிசாமியின் பழக்கம். இறுகியிருந்தால் கணீரென்று கேட்கும்.

டொக்... டொக்...

இது மந்தமாகக் கேட்டது. கூழைத் தட்டுவது போல. சுவருக்கு உள்ளேயிருந்து.

அடியிலிருந்து மேலேறியது. இடுப்பளவு... மார்பளவு...

பலகை பிளந்த உயரத்தில் நின்றது.

சுவரில் ஈரம் கசிந்தது. ஏலக்காய் வாசனை.

எறும்புகள்.

குணவதி சுவரில் காதை வைத்தாள். "ஆணி சரியாத்தான் அடிச்சேன்னு சொல்றாக மாமா. நீங்களாச்சும் ஊருக்குச் சொல்லுங்க."

பிற்பாடு வேறொரு வேலையிடத்தில் இஞ்சினீயர் ஒருவரிடம் சின்னையா கேட்டான். அவர் சொன்னது இதுதான். மேலே ஊற்றி முடிப்பதற்குள் அடிக் கலவை இறுகத் தொடங்கித் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். பலகைக்குப் பாரம் குறையும். வெல்லம் விழுந்தால் அது இறுகாது. கூழாகவே கிடந்து, ஏறிய உயரம் முழுவதன் அழுத்தத்தையும் பலகைமேல் தள்ளும். அந்த அழுத்தத்துக்கு யாரும் ஆணி அடிப்பதில்லை.

"சொன்னீங்களா மாமா?" என்று குணவதி இன்றும் கேட்கிறாள். சின்னையா தலையைக் குனிந்துகொள்கிறான்.

வாசகரே, பக்கிரிசாமியின் வேலையில் பழுதில்லை என்று ஊரெல்லாம் சொல்லுங்கள். பின் எதனால் பிளந்தது என்று குணவதி கேட்டால்... வாயைத் திறக்காதீர்கள்.