யார் சொன்னது

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு திரும்பியபோது, இடப்பக்கமிருந்து வந்த தள்ளுவண்டியின் மீது அப்பா நேராகப் போய் மோதினார். "அந்தே ஹோ க்யா?" என்று வண்டிக்காரன் கத்தினான். கண் தெரியவில்லையா என்று யாராவது கேட்டால் அவனுடைய பரம்பரையையே இந்தியில் விசாரித்துவிடக்கூடிய அப்பா, அன்று வாயே திறக்காமல் குனிந்து காய்களைப் பொறுக்கினார். அந்த மௌனம் என்னைக் கலவரப்படுத்தியது.

அப்பா ராணுவத்தில் டிரைவராக இருந்தவர். பதினேழு வருடம் மலைச் சாலைகளில் ரேஷன் லாரி ஓட்டிவிட்டு, வேலூர்ப் பக்கத்துச் சொந்த ஊருக்குத் திரும்பாமல் தில்லியிலேயே தங்கி, ஒரு முதலாளியிடம் சரக்கு லாரி ஓட்டினார். ராணுவத்தில் அவரோடு இருந்த ஹிமாச்சல்காரர் ஒருவர்தான் லாரியிலும் ஜோடி. எனக்கு அங்கிள். ஒருவர் ஓட்ட, ஒருவர் தூங்குவார். வீட்டில் இருக்கும் நாட்களில் அப்பாவால் உட்கார முடியாது. ஒழுகாத குழாயைக் கழற்றி மாட்டுவார். மோதி பாக்கில் நான் படித்த பள்ளிக்கூடம் வரை சும்மா நடந்து வந்து, கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்.

மார்க்கெட்டிலிருந்து வந்த அன்று மாலை, அவருக்கு இடப்பக்கம் நின்று காப்பி டம்ளரை நீட்டினேன். வாங்கவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுபோனேன். "காப்பி எங்கம்மா?" என்று கேட்டார்.

"அப்பா, கண் டாக்டரைப் பாத்துட்டு அப்புறம் வண்டி எடு."

"ரோடு எது பள்ளம் எதுன்னு தெரியாத பனியில ஓட்டனவன் நானு. கண்ணால மட்டுமா வண்டி ஓட்டறாங்க? போயி உன் கம்ப்யூட்டரைப் பாரு."

அம்மா கண்ணாலேயே என்னை அடக்கினாள். மறுநாள் லூதியானாவுக்கு லோடு. குர்காவ் ஆபீசுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அன்று காலை அப்பாவுக்கு முன்பே முதலாளியின் கிடங்குக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். யார் சொன்னது என்று அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டேன். முதலாளி தலையாட்டினார்.

அன்று பத்து மணிக்கெல்லாம், படுக்கைச் சுருட்டையும் லாரியில் ஒட்டியிருந்த அம்மன் படத்தையும் தூக்கிக்கொண்டு அப்பா திரும்பி வந்தார். கண்ணைக் காட்டாமல் வண்டி கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டாராம். கூட்டிப்போனோம். டாக்டர், இடது கண் அநேகமாகப் போய்விட்டது, வலது கண்ணிலும் ஓரப் பார்வை இல்லை, இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்றார். அப்பா வெளியே வந்து கேட்டது ஒன்றுதான்.

"எவன் சொன்னான்?"

பதிலையும் அவரே கண்டுபிடித்துக்கொண்டார். கேபினில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனைத் தவிர யாருக்குத் தெரியும்? அங்கிளின் போனை எடுப்பதை நிறுத்தினார். தீபாவளியன்று அங்கிள் மிட்டாய்ப் பெட்டியோடு வந்தார். "இல்லன்னு சொல்லு" என்றார் அப்பா உள்ளேயிருந்து. நான்தான் போய்ச் சொன்னேன். அங்கிள் வாசலில் கிடந்த அப்பாவின் செருப்பைப் பார்த்தார். பெட்டியை என் கையில் கொடுத்து, "குஷ் ரஹோ பேட்டி" என்று வாழ்த்தித் தலையைத் தொட்டுவிட்டுப் படியிறங்கினார்.

ஒன்றரை வருடம் அப்படியே போனது. விடிந்தும் விடியாமல் அப்பா ரிங் ரோட்டுக்குப் போய்விடுவார். லாரிகளுக்கு நோ என்ட்ரி தொடங்குவதற்கு முன்பு கடைசி வண்டிகள் ஜல்தி ஜல்தியாக ஓடும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பார். வீட்டில் அவர் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடக்கும்போதெல்லாம் எனக்கும் இருப்புக்கொள்ளாது. ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே கிளம்பிவிடுவேன். ஒரு காலையில் அவர் பின்னாலேயே போனேன்.

"அப்பா, முதலாளிகிட்ட சொன்னது நான். அங்கிள் இல்ல."

அவர் திரும்பவில்லை. இரண்டு லாரிகள் போயின.

"அன்னைக்கே எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"வா" என்று முன்னால் நடந்தார். வீட்டுக்குக்கூடப் போகாமல், கோல் மார்க்கெட்டில் மகனின் குவார்ட்டர்ஸில் இருந்த அங்கிளிடம் கூட்டிப்போனார். கதவு திறந்ததும் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "கல்தி மேரி தீ" என்றார். தப்பு தன்னுடையது என்று. அங்கிள் அவரைத் தோளோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டார். டீ குடிக்கும்போது, "அப்படியானால் சொன்னது யார்?" என்று கேட்டார். அப்பா என்னைப் பார்க்காமலே, "தெரியலை" என்றார். அப்புறம் இரண்டு மணி நேரம் எழுந்திருக்காமல் பேசிக்கொண்டிருந்தார்.

பஸ் ஸ்டாப்பில், "நீ போயி சொன்னது தப்பில்ல பாப்பா" என்றார். "ஆனா ஒன்ற வருஷம், எம் மூஞ்சியப் பாத்துக்கினே..." பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டோம். அந்தப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவே இல்லை. அடுத்த குளிர்காலத்தில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

காரியம் முடிந்த அன்று, அங்கிளிடம் நான் உண்மையைச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் இந்தியில் மெதுவாகச் சொன்னார்: "அவன் லாரி ஓட்டிய கடைசி ஆறு மாதம் இடப்பக்கக் கண்ணாடியை அவனுக்காக நான்தான் தூங்காமல் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன் பேட்டி. முதலாளியிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். நான் சொல்லவில்லை."