அம்மிமேல் நின்ற சீமை வண்டி

பீளமேட்டில் இறங்கி நரசிம்மலு வீடு எது என்று கேட்டால் நாலு பேர் நாலு திசையைக் காட்டுவார்கள். தவளை வண்டிக்காரர் வீடு என்று கேட்டால் எல்லோரும் ஒரே திசையைக் காட்டுவார்கள். அந்தப் பெயரில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. வண்டி தவளை மாதிரி தரையோடு பம்மிக் கிடப்பது உண்மை. அதிலிருந்து தான் இறங்குவதும் தவளை மாதிரிதான் என்பது அதைவிட உண்மை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். முதலில் ஒரு கால் வெளியே வரும். பிறகு ஒரு கை தரையைத் தேடும். தொப்பை ஸ்டியரிங்கில் மாட்டிக்கொள்ளும். கடைசியில்தான் ஆள் வருவார். அதற்குள் பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள் சிரித்து முடித்திருப்பார்கள்.

நரசிம்மலு ஒரு நூல் மில்லில் கார்டிங் டிபார்ட்மெண்டின் மாஸ்டர். பஞ்சைச் சிக்கெடுக்கும் அந்த மிஷின்களுக்கு உடம்பெல்லாம் பல். அசந்தால் பஞ்சு எது, விரல் எது என்று அது பார்க்காது. ஆகவே ஷிப்டு ஆரம்பிக்கும்போதெல்லாம் அவர் பிரசங்கம் ஒன்று நடக்கும். ஓடுகிற மிஷினில் கை வைக்காதே, பெல்ட்டை நிறுத்தாமல் எண்ணெய் விடாதே, அவசரத்துக்குப் பிறந்தவன் ஆஸ்பத்திரிக்குத்தான் போவான், இத்யாதி. ஆட்கள் பவ்யமாகக் கேட்டுக்கொள்வார்கள். ஊருக்குத்தான் உபதேசம் என்று ஒரு சொல் உண்டே, அது தனக்காகவே உண்டானது என்று அந்த மனுஷனுக்கு அப்போது தெரியாது.

அந்தச் சின்னச் சீமைக் கார் முன்பு வால்பாறை எஸ்டேட் துரை ஒருவருடையது. சுதந்திரம் வந்து பதினைந்து வருஷம் கழித்து ஒருவழியாகச் சீமைக்குக் கிளம்பிய அவர், நாய்க்குட்டியை ஒருவரிடமும் வண்டியை நரசிம்மலுவிடமும் விட்டுப் போனார். நாய்க்குட்டியை வாங்கியவன் புத்திசாலி என்பது ராமாமணியின் அபிப்பிராயம். ராமாமணி அவருடைய மனைவி. வண்டியில் இரண்டே பேர் உட்காரலாம். மழை வந்தால் இரண்டு பேரும் நனையலாம். சோழவரத்துப் பந்தயத்தில் இந்த ஜாதி வண்டிகள் பறப்பதை நரசிம்மலு ஒரு தடவை கண்ணால் பார்த்திருந்தார். அன்றையிலிருந்து ராத்திரித் தூக்கத்தில்கூட கியர் மாற்றிக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்கு மேல் வருகிற ஆசைக்கு மருந்து இல்லை.

ராமாமணி இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். அவளால் பொறுக்க முடியாதது ஒன்றுதான்: எண்ணெய். எஞ்சினின் அடிவயிற்றில் எண்ணெய் தங்கும் தொட்டி ஒன்று இருக்கிறது. அதன் ஓரத்திலிருந்து ராப்பகலாகச் சொட்டும். வாசலில் அவள் சாணி தெளித்துக் கோலம் போட்ட இடத்தில், கோலத்துக்கு நடுவே கறுப்பாக ஒரு குளம் நிற்கும். அவளுக்குக் கோபம் வந்தால் வார்த்தை தெலுங்கில் வரும். ரொம்பக் கோபம் வந்தால் வார்த்தையே வராது. அந்த வாரம் அவள் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டுத் தமிழில் சொன்னாள்.

“ஞாயித்துக்கெழமை எங்க அண்ணன் வாராருங்க. அவரு வர்றப்ப இது இப்பிடியே ஒழுகிட்டு நின்னா, அவருகிட்டச் சொல்லி வித்துப்போடச் சொல்லிருவேன். அப்பறம் என்னையக் குத்தம் சொல்லாதீங்க.”

அவிநாசியில் இருக்கும் அண்ணன் கோபாலசாமி அந்தக் குடும்பத்தில் சுப்ரீம் கோர்ட்டு மாதிரி. அவர் விற்கச் சொன்னால் விற்றாக வேண்டும். மேல் அப்பீல் கிடையாது. ஒர்க்ஷாப்பில் விட்டால் ஒரு வாரம் ஆகும். தவிர, “சீமை வண்டின்னா என்னங்க, மிஷின் மிஷின்தானே, நானே பாத்துக்குவேன்” என்று மில் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். சொன்ன வாய்க்குக் கை பதில் சொல்ல வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பழைய காக்கி டிராயரை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

முதல் அவமானம் ஜாக்கியில் ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு வரதராஜுலுவிடம் கேட்டு வாங்கிய ஜாக்கி, உயரமான காருக்கென்று பிறந்தது. முழுக்க இறக்கினாலும் வண்டிக்கு அடியில் நுழையவில்லை. வண்டியைத் தூக்கினால்தான் ஜாக்கியை வைக்கலாம், ஜாக்கியை வைத்தால்தான் வண்டியைத் தூக்கலாம். நரசிம்மலு குப்புறப் படுத்து ஒரு பக்கம் பார்த்தார். எழுந்து போய் மறுபக்கம் படுத்துப் பார்த்தார். தெருவில் போன ஒரு எருமை நின்று அவரைப் பார்த்துவிட்டுப் போயிற்று.

யோசனை வர ஒரு டம்ளர் காப்பி தேவைப்பட்டது. கனமான பலகை இரண்டைக் கொண்டுவந்து முன்சக்கரங்களுக்கு எதிரே போட்டு, வண்டியை மெல்ல அவற்றின்மேல் ஓட்டி ஏற்றினார். மூக்கு உயர்ந்தது. இப்போது ஜாக்கி நுழைந்தது. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் கொடுத்தார். தகரத்தில் வைக்காமல், தொட்டியில் வைக்காமல், குறுக்கே ஓடும் இரும்புச் சட்டமாகப் பார்த்து ஜாக்கியை வைத்தார். முந்தின நாள் மழையில் வாசல் மண் இளகிக் கிடந்ததால் ஜாக்கியின் காலுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டும் போட்டார். அது மில்லுக்கு மிஷின் வந்த பெட்டியின் மெல்லிய பலகை. அந்த ஒன்றில் மட்டும் கொஞ்சம் சோம்பல் பட்டுவிட்டார். மற்றபடி அவருடைய பிரசங்கத்தை அவரே கேட்டு நடந்ததாகச் சொல்லலாம்.

கடைசி விதியும் அவருக்குத் தெரியும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு இல்லை. தூக்கின வண்டிக்கு வேறு முட்டுக் கொடுக்காமல் அடியில் தலையை நீட்டக் கூடாது. நல்ல தேக்குக் கட்டை மில்லில் எத்தனையோ கிடந்தது. ஆனால் கட்டை கேட்டுப் போனால் எதற்கென்று கேட்பார்கள். எதற்கென்று சொன்னால் வேடிக்கை பார்க்க வருவார்கள். வீட்டுக்குள் சுற்றிப் பார்த்தார். மாட்டுத் தொட்டி பெயர்ந்து வராது. ஆட்டுக்கல் உருளும். சமையலறை மூலையில் அம்மி இருந்தது. கனம், தட்டை, ராமாமணியின் கல்யாணத்தையே தாங்கின கல். அதைத் தூக்கிவந்து, ஒரு மரக்கட்டையின்மேல் வைத்து, சட்டத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். வண்டி அதன்மேல் உட்கார்ந்தது. அசைத்துப் பார்த்தார். கிண்ணென்று நின்றது. தன் தோளைத் தானே தட்டிக்கொள்ள வசதியாக இல்லாததால் வண்டியைத் தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே ஊர்ந்தார்.

வேலையும் நன்றாகவே நடந்தது. தொட்டியைக் கழற்றி, நைந்துபோன கார்க் பேக்கிங்கைச் சுரண்டி, புதிதை ஒட்டி, மறுபடி மாட்டினார். சுற்றிலும் போல்ட்டுகளை முறுக்குவதுதான் பாக்கி. அந்தச் சமயத்தில் வாசலில் குடை ஊன்றும் சத்தம் கேட்டது. மத்தியானம் வரவேண்டிய கோபாலசாமி காலை பஸ்ஸுக்கே வந்துவிட்டார்.

நரசிம்மலு வெளியே ஊர்ந்து வந்து, எண்ணெய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “வாங்க மச்சான், வாங்க. ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?” என்றார்.

“நல்லாருக்கறமுங்க மாப்பிள்ளை. என்னமோ வேலையா இருக்கறீங்களாட்ட இருக்குது?”

“ஒண்ணுமில்லீங்க, சும்மா தொடச்சுட்டிருந்தனுங்க. நீங்க உள்ள போயி உக்காருங்க, இதா வாரன்.”

கோபாலசாமி உள்ளே போனார். அடுத்த நிமிஷம் ராமாமணி வெளியே வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“ஏனுங்க, இட்லி வெந்துட்டுது. சட்னி அரைக்கோணும். அம்மி எங்கீங்க?”

நரசிம்மலு வண்டியின் அடியைப் பார்த்தார். அவளும் குனிந்து பார்த்தாள். வார்த்தை வரவில்லை, தமிழிலும் இல்லை, தெலுங்கிலும் இல்லை.

“பொடி வெச்சுக் குடேன் அம்மணி.”

“எங்க அண்ணனுக்குப் பொடியா? அம்மி எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்றதுங்க? வண்டி அம்மி மேல நிக்குதுன்னா சொல்றது?”

இந்த இடத்தில் உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனும் “சட்னி இல்லை, போ” என்றிருப்பான். கொங்குநாட்டில் மச்சான் வந்த அன்றைக்குச் சட்னி இல்லை என்பதைவிட உயிர் இல்லை என்பது சுலபம். நரசிம்மலு ஜாக்கியை இன்னொரு சுற்றுச் சுற்றி, அம்மியை உருவி எடுத்து, கட்டையைக் காலால் ஒதுக்கிவிட்டு, கிணற்றடியில் அம்மியைக் கழுவி, கொல்லைப்புறமாகவே சமையலறைக்குக் கொண்டுபோய்ப் போட்டார். திருடன் மாதிரி உள்ளே போய்த் திருடன் மாதிரி வெளியே வந்தார்.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் போல்ட்டுகள் பாக்கி இருந்தன. இட்லி சாப்பிட்டதும் மச்சான் வண்டியைப் பார்க்க வருவார். ஒரு சொட்டு விழுந்தால் போதும், கேஸ் தோற்றுப் போகும். அஞ்சு நிமிஷ வேலைதானே, இத்தனை நேரம் நின்ற வண்டி இப்போதா விழப்போகிறது என்று நினைத்தார். இதே வார்த்தையைச் சொன்ன, மிஷின் ரிப்பேர் பார்க்கும் ஜாபர் ஒருவனை அவர் போன மாசம்தான் மில் கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்தார். மல்லாந்து படுத்து, காலை உதைத்து, உள்ளே போய்விட்டார்.

உள்ளே அம்மி அரைபடும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. இலை போடும் சத்தம். பிறகு கோபாலசாமியின் குரல்.

“மாப்பிள்ளை வரட்டும் அம்மணி.”

“நீங்க உக்காருங்கண்ணா, அவரு வந்துருவாரு.”

“அதெப்பிடி? ஊட்டுக்காரர உட்டுப்போட்டு நான் மட்டும் கை நனைக்கறதா? மாப்பிள்ளே!”

“இதா வாரனுங்க, நீங்க சாப்புடுங்க மச்சான்!” என்று நரசிம்மலு தொட்டிக்கு அடியிலிருந்து கத்தினார். அவருடைய மூக்குக்கு மேலே எஞ்சின் இருந்தது.

“அவசரமில்லீங்க. நீங்க வாங்க, சேந்தே உக்காரலாம்.”

மனிதர் விடுகிற ஜாதியில்லை. நரசிம்மலு இன்னொரு போல்ட்டை முறுக்கினார். இட்லி ஆறுகிறது என்று ராமாமணி சொல்வது கேட்டது. பிறகு மேல்துண்டை உதறும் சத்தமும் செருப்புச் சத்தமும் கேட்டன. கோபாலசாமி வாசலுக்கே வந்துவிட்டார். வண்டியின் ஓரமாக இரண்டு செருப்புகளும் குடையின் நுனியும் தெரிந்தன. தன் இரண்டு கால்களும் மச்சானை நோக்கி நீட்டிக்கொண்டிருப்பதை நரசிம்மலு அப்போதுதான் உணர்ந்தார். பெண் கொடுத்த வீட்டு மூத்தவருக்கு நேரே காலை நீட்டிப் படுத்துக்கொண்டு பேசுவதா? வாயில் வந்த தெலுங்கு வசவை விழுங்கிவிட்டு, கடைசி போல்ட்டையும் ஸ்பேனரையும் அப்படியே போட்டுவிட்டு, மண்ணில் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தார்.

எழுந்து நின்று, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். “மன்னிக்கோணும் மச்சான்” என்று கும்பிட்டார்.

ஜாக்கிக்கு அடியில் பலகை பிளக்கும் சத்தம் சின்னதாகத்தான் கேட்டது. ஜாக்கி ஒருக்களித்தது. வண்டியின் மூக்கு பொத்தென்று தரைக்கு வந்தது. ஸ்பேனர் எங்கோ உள்ளே டங்கென்று மாட்டிக்கொண்டது. தரைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தால் அதிகம். நரசிம்மலுவின் தொப்பை ஒரு சாணுக்கு மேல்.

கோபாலசாமி வண்டியை மரியாதையோடு பார்த்தார். “ஏனுங்க மாப்பிள்ளை, இந்த வண்டி எப்பவுமே இவ்வளவு தாழ்வாத்தான் இருக்குமுங்களா?”

“ஆமாங்க மச்சான். இது தாழ்வான வண்டிதானுங்க” என்றார் நரசிம்மலு.

வாசற்படியில் ராமாமணி சட்னிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். சட்னி அருமையாக இருந்தது என்று கோபாலசாமி இரண்டு தடவை சொன்னார். நரசிம்மலுவுக்குத் தேங்காயும் தெரியவில்லை, மிளகாயும் தெரியவில்லை. அவர் தீர்ப்புக்குக் காத்திருந்தார். கை கழுவும்போது அது வந்தது.

“ஏன் அம்மணி, வண்டி ஒழுகுதுன்னு சொல்லி உட்டிருந்தியே? திருப்பூர்ல ஒருத்தர் கேக்கறாரு. தள்ளி உட்டரலாமா?”

இப்போது அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒழுகுவதைச் சொல்ல வேண்டியதில்லை, விழுந்ததைச் சொன்னாலே போதும். நரசிம்மலு தலை குனிந்திருந்தார். சொன்னால் நியாயம் என்று அவருக்கே தோன்றியது.

“இப்ப ஒழுகறதில்லீங்கண்ணா” என்றாள் ராமாமணி. “அவரே சரி பண்ணிப்போட்டாரு. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுது.”

மச்சானைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது நரசிம்மலு கிட்டத்தட்ட விசிலடித்துக்கொண்டு வந்தார். கேஸ் ஜெயித்துவிட்டது. வண்டி பிழைத்துவிட்டது. அவளுக்கு ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று, “தவளை பொழைச்சுக்கிச்சு அம்மணி” என்றபடி சமையலறைக்குள் நுழைந்தார்.

அவள் அம்மிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அம்மியைக் கழுவவில்லை. குழவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மியக் கேட்டவ நாந்தானுங்க” என்றாள். “ஒரு நாளைக்குப் பொடி வெச்சிருந்தா எங்கண்ணன் என்ன செத்தா போயிருவாரு? நானுல்ல கேட்டேன்.”

“நீ கேட்டது தப்பில்ல அம்மணி. எடுத்துக் குடுத்துப்போட்டு மறுக்காவும் உள்ள போனவன் நானு.”

“ஏனுங்க போனீங்க?”

 நரசிம்மலு பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர் குழவியை அவள் கையிலிருந்து வாங்கி, தானே அம்மியைக் கழுவ ஆரம்பித்தார்.  

வண்டி அதற்குப் பிறகும் பல வருஷம் அந்த வாசலில் இருந்தது. அவ்வப்போது ஒழுகவும் செய்தது. மறுநாளே நரசிம்மலு மில்லில் போய்க் கூச்சப்படாமல் தேக்குக் கட்டை கேட்டார். எதற்கென்று கேட்டார்கள், சொன்னார், வயிறு வலிக்கச் சிரித்தார்கள், கூடச் சேர்ந்து அவரும் சிரித்தார். வீட்டில் மட்டும் ஒரு புதுச் சட்டம் வந்தது. வண்டியைத் தூக்கி, கட்டை கொடுத்து நிறுத்தியானதும் அவர் ராமாமணியைக் கூப்பிட வேண்டும். அவள் அடுப்பை விட்டு வருவாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தோளைக் கொடுத்து, பல்லைக் கடித்து, தன் பலம் கொண்ட மட்டும் வண்டியை ஆட்டுவாள். ஆடாவிட்டால்தான் அவர் உள்ளே போகலாம்.

போன பிறகு யார் வந்தாலும், அவிநாசி அண்ணனே வந்தாலும், வாசலிலேயே நிறுத்திவிடுவாள்.

“அவரு வண்டிக்கடியில இருக்காருங்க. அவசரப்படுத்தாதீங்க. வர்றப்ப வருவாரு.”